பாக்கியம் எண்ணாத செருப்பு

காலையில் ஆட்கள் வேலைக்கு வந்து இறங்கும்போது பாக்கியம் யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். காலைத்தான் பார்ப்பாள். "சாப்பிட்டியா? பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று வாய் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும், கண் செருப்பை விட்டு நகராது. நீல ரப்பர் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்தினது என்றால் அது சித்தாள் அன்னக்கிளி. குதிகால் தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது என்றால் கொத்தனார் செம்மல். ஒரு கால் கறுப்பு, ஒரு கால் காபிக்கலர் என்று இரண்டு தினுசு செருப்பைப் போட்டுக்கொண்டு கொஞ்சமும் கூச்சமில்லாமல் நடந்து வருகிறவர் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற செண்ட்ரிங் வேலைக்காரர் இராமதாஸ். புதுச்செருப்பு வாங்கச் சொன்னால், "காலு ரெண்டும் சண்டை போடாம இருக்குதுல்ல, அது போதும்" என்பார்.

ரேஷன் கார்டில்தான் அவள் பாக்யலட்சுமி. ஊருக்கெல்லாம் பாக்கியம். வயது நாற்பத்தெட்டு. கருவடிக்குப்பத்துக்காரி. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடினதும் பெண் பதினேழு வயதில் கலவைச் சட்டி தூக்கக் கிளம்பிவிட்டாள். அப்புறம் பிள்ளைச்சாவடியில் கட்டுமரம் தள்ளிக்கொண்டிருந்த தெய்வசிகாமணியைப் பார்த்து, பிடித்துப்போய், வீட்டில் ரெண்டு மாதம் யாரும் பேசாமல் இருந்து, கடைசியில் அவரையே கட்டிக்கொண்டாள். மில்லு வீட்டுப் பெண்ணுக்கு மீன் ஆய்ந்து கழுவத் தெரியுமா என்று கரையில் கேலி பண்ணினார்கள். இப்போது அவள் வைக்கிற சங்கரா மீன் குழம்புக்கு அந்தக் கேலி பண்ணின வாயெல்லாம்தான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வருகிறது.

கலியமூர்த்தி மேஸ்திரியின் செட்டில் அவளோடு சேர்த்துப் பதினோரு பேர். அவளுக்குக் கலவை வேலை. அதோடு இன்னொரு வேலையும் உண்டு, அதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டது. செருப்பு எண்ணுகிற வேலை.

அது என்ன கணக்கு என்றால், கேளுங்கள். சாரத்தில் ஏறுகிறவன் ஏணிக்குக் கீழே செருப்பை விட்டுவிட்டு ஷூ மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். குழியிலோ தொட்டியிலோ இறங்குகிறவன் குழி வாயில் விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். செருப்பு எங்கே கிடக்கிறதோ அங்கேதான் ஆள். கான்கிரீட்டைத் தாங்குகிற முட்டு எடுப்பதற்கு முன்னால், மேலிருந்து பலகை இறக்குவதற்கு முன்னால், சாப்பாட்டுக்கு உட்காரும்போது, சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் எண்ணுவாள். எண்ணிக்கை சரியாக வராமல் ஒரு ஆள் நகர முடியாது. "டீ ஆறுது, பாக்கியம்" என்று கெஞ்சுவார்கள். ஆறட்டுமே, டீதானே என்பாள்.

இந்த வழக்கம் பாதி அவள் புருஷனிடமிருந்து வந்தது. கடலிலிருந்து படகு கரை ஏறினால் கரையில் நிற்கிறவர்கள் முதலில் தலையைத்தான் எண்ணுவார்கள், மீன் அப்புறம். மீதிப் பாதி எங்கேயிருந்து வந்தது என்பதை அவள் லேசில் சொல்ல மாட்டாள்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் வேறு ஒரு மேஸ்திரி, வேறு ஒரு வீடு. தண்ணீர்த்தொட்டி கட்டி, மேலே கான்கிரீட் மூடி போட்டு, இரண்டு வாரம் கழித்து உள்ளே இருக்கிற பலகையைப் பிரிக்க சுப்பிரமணியன் என்று ஒரு ஆள் இறங்கினான். சம்ப் என்கிறோமே, அந்தத் தரைத்தொட்டி. அது சும்மா கிடக்கிற மாதிரிதான் இருக்கும். ஈரத்தில் ஊறின பலகை அடைத்த இடத்துக்குள்ளே இருக்கிற காற்றையெல்லாம் குடித்து வைத்திருக்கும். நாற்றம் கிடையாது, புகை கிடையாது. இறங்கினவனுக்கு ஐயோ என்று சொல்லக்கூட மூச்சு இருக்காது. அவன் இறங்கினது யாருக்கும் தெரியவில்லை. டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்தார்கள். கடைசியில் ஒருவன் எட்டிப்பார்த்து, ஐயோ என்று கத்தி, காப்பாற்றுகிறேன் என்று அவனும் குதித்தான். இரண்டு பேரும் பிணமாகத்தான் மேலே வந்தார்கள்.

தொட்டி வாயில் சுப்பிரமணியன் செருப்பு கிடந்தது. பாக்கியம் கலவைச் சட்டியோடு அந்தச் செருப்பைத் தாண்டி நாலு தடவை போய் வந்திருந்தாள். இதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. "நாலு தடவைங்க. ஒரு தடவை நின்னு, இது யாருதுன்னு கேட்டிருந்தா?" என்று தெய்வசிகாமணியிடம் அழுதாள். அவர் ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதர். மறுநாள் காலை படகிலிருந்து பச்சை நைலான் கயிற்றுச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து அவள் பையில் வைத்தார். "இடுப்புல கட்டாத. இழுக்கையில ஆளு ரெண்டா மடங்கிடுவான். கக்கத்துக்குக் கீழ கட்டணும்" என்று முடிச்சைப் போட்டுக் காட்டினார். அன்று முதல் அந்தக் கயிறு எந்த வீட்டு வேலைக்குப் போனாலும் கூடவே போகும், அங்கே ஒரு ஆணியில் தொங்கும். மூடின தொட்டியில் இறங்குவதென்றால் அவள் சட்டம் இது: மூடியைத் திறந்து முழுசாக ஒரு நாள் ஃபேன் போட்டுக் காற்றை உள்ளே தள்ள வேண்டும். இறங்குகிறவன் கக்கத்தில் கயிறு, மேலே பிடித்துக்கொள்ள இரண்டு ஆள். விளக்கை உள்ளே இறக்கி, அணையாவிட்டால் இறங்கலாம் என்பார்கள் சிலர். அதையும் அவள் நம்ப மாட்டாள்.

மேஸ்திரி கலியமூர்த்தி நல்ல மனுஷன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் அவரைத் திட்ட வேண்டியிருக்கும். ஆட்களுக்கு ஹெல்மெட், ஷூ எல்லாம் வாங்கிக் கொடுத்தவர். ஆனால் தன் தலையில் ஹெல்மெட் ஏறாது. முடி கலைந்துவிடுமாம். காலில் நேரு வீதியில் வாங்கின தோல் செருப்பு, பக்கிள் வைத்தது. மழை வந்தால் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடுவார், அவ்வளவு ஆசை. பாக்கியம் எண்ணும்போதெல்லாம் தூரத்தில் நின்று சிரிப்பார்.

"என்னா பாக்கியம், கோயில் வாசல்ல செருப்புக் கடை போட்டவ மாதிரி நிக்கிற? டோக்கன் குடுப்பியா?"

"உங்க செருப்பையும் விட்டுப் பாருங்க, குடுக்கிறேன்."

"நான் என்னா ஏறுறவனா, இறங்குறவனா? நான் மேஸ்திரி!"

பாக்கியமும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாள். பதினொன்றோடு கணக்கு முடிந்துவிடும். சாயங்காலம் வீட்டில் தெய்வசிகாமணி கேட்பார், "எத்தனை போச்சு, எத்தனை வந்துச்சு?" "பதினொண்ணு போச்சு, பதினொண்ணு வந்துச்சு" என்பாள். அதற்கப்புறந்தான் அந்த வீட்டில் சோறு போடுவார்கள்.

போன வருஷம் முத்தியால்பேட்டையில் ஒரு மதாம் வீட்டு வேலை. மதாம் என்றால் வெள்ளைக்காரி இல்லை, நம்ம ஊர்ப் பாட்டம்மாதான். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர், அதனால் தெருவே பாட்டம்மாவை மதாம் என்றுதான் கூப்பிடும். மகன் பாரீஸில். அவன் வருவதற்குப் பிளேன் டிக்கெட் போட்டு, வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்சுவது என்று ஜோசியர் நேரம் குறித்துக் கொடுத்தாயிற்று. எல்லாம் முடிந்தது, ஈசானிய மூலையில் இருக்கிற சம்ப் ஒன்றுதான் பாக்கி. உள்ளே பலகை பிரிக்க வேண்டும், கழுவ வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும். மேஸ்திரி மதாமிடம் வாய் விட்டுவிட்டார்: "புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணி லாரி வந்துடும் மதாம், கவலையே படாதீங்க."

புதன்கிழமை காலை மூடியைத் திறந்து ஃபேனை வைத்தார்கள். வைத்து அரை மணி நேரம் ஆகவில்லை, கரண்டு போய்விட்டது. பராமரிப்பு வேலையாம், சாயங்காலம்தான் வருமாம்.

"நாளைக்குத்தான் மேஸ்திரி" என்றாள் பாக்கியம்.

"லாரிக்குச் சொல்லிட்டேனே."

"வேணாம்னு சொல்லிடுங்க. காத்து போகாம ஒருத்தனும் இறங்க மாட்டான்."

மேஸ்திரி இராமதாஸைப் பார்த்தார். இராமதாஸ் வானத்தைப் பார்த்தார். மேஸ்திரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். லாரிக்காரனிடம் பேசுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. முன்பக்கத்துப் போர்ட்டிகோ நிழலில் உட்கார்ந்தார்கள். பாக்கியம் எண்ணினாள்: பதினொன்று. ஏணி அடி காலி. சரி என்று டிபன் பாக்ஸைத் திறந்தாள். நெத்திலி வறுவல். அன்னக்கிளி உரிமையோடு கையை நீட்டி நாலை எடுத்துக்கொண்டாள். எங்கேயோ டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

"சாப்பாட்டு நேரத்துல எவன் ஆணி அடிக்கிறான்?" என்றார் இராமதாஸ்.

"பக்கத்து வீடா இருக்கும்" என்றாள் அன்னக்கிளி.

சத்தம் நின்றுபோயிற்று. யாரும் கவனிக்கவில்லை. பாக்கியம் கடைசிக் கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு பாக்ஸைக் கழுவ எழுந்து, வீட்டைச் சுற்றி ஈசானிய மூலைக் குழாயடிக்குப் போனாள்.

சம்ப் வாயின் ஓரத்தில் ஒரு ஜோடி செருப்பு. தோல் செருப்பு, பக்கிள் வைத்தது. ஈரம் படாமல் ஒரு சிமெண்ட் பையை விரித்து, அதன்மேல் ஜோடியாக, அழகாக வைத்திருந்தது.

ஒரு அடி தாண்டிவிட்டாள். சத்தியமாகத் தாண்டிவிட்டாள். பதினொன்றும் போர்ட்டிகோவில் இருக்கிறதே, கணக்குச் சரியாக இருக்கிறதே என்று புத்தி சொல்லிவிட்டது. இரண்டாவது அடிக்குக் கால் எழும்பவில்லை. டிபன் பாக்ஸ் கையிலிருந்து விழுந்து உருண்டது.

"மேஸ்திரி!"

வாயருகே குனிந்தாள். உள்ளே இருட்டில் வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது, அசையவில்லை. "டேய், வாங்கடா! எல்லாரும் வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மதாம் வீட்டு மாடியிலிருந்த புறா அத்தனையும் பறந்தது என்று அன்னக்கிளி இன்றைக்கும் சொல்வாள்.

முதலில் ஓடிவந்தவன் செம்மல். மேஸ்திரிக்கு அவன் மச்சான்; அவன் கூடப்பிறந்த அக்காளின் புருஷன்தான் உள்ளே கிடக்கிறார். "மாமா!" என்று அலறிக்கொண்டு ஒரு காலை உள்ளே விட்டேவிட்டான். பாக்கியம் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள்.

"விடுக்கா! எங்க மாமாக்கா!"

"இப்ப நீ இறங்குனா உங்கக்கா வீட்டுல ரெண்டு பொணம் விழும்! எவனாவது இறங்குனீங்க, காலை ஒடிப்பேன்! கயிறு எங்கடா? கயித்தை எடு!"

இராமதாஸ் கயிறு மாட்டியிருந்த ஆணிக்கு ஓடினார். ஆணி காலி. "கயித்தைக் காணோமே பாக்கியம்!" என்று கத்தினார். கயிறு இல்லையென்றால் இந்த மனுஷனை எதைக் கொண்டு தூக்குவது? யாரையாவது இறக்கித்தான் ஆக வேண்டும். யாரை? செம்மலையா? இராமதாஸையா? பதினான்கு வருஷமாக எண்ணி எண்ணி என்ன பிரயோஜனம் என்று பாக்கியத்துக்கு நெஞ்சு வெடித்தது.

அப்போதுதான் பார்த்தாள். மதில் ஓரம் நீட்டிக்கொண்டிருந்த பில்லர் கம்பியில் பச்சைக் கயிறு. மூன்று சுற்று சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டு, அங்கேயிருந்து தரையோடு தரையாக வந்து, மூடியின் நிழலுக்குள் மறைந்து, சம்புக்குள்ளே இறங்கியிருந்தது. ஓடிப்போய்ப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கனத்தது.

"அட கடவுளே, கட்டியிருக்காரு!" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "இழுங்கடா!"

ஏழு பேர் இழுத்தார்கள். முடிச்சு கக்கத்துக்குக் கீழே இருந்ததால் ஆள் மடங்காமல் நேராக வந்தார். வாயருகே தோள் இடித்துக்கொண்டது. இராமதாஸ் ஒரு கையை மட்டும் மேலே வாங்கி, ஒரு தோள் முதலில், அப்புறம் மறு தோள் என்று வெளியே எடுத்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. தரையில் கிடத்தி, பொத்தானை அறுத்து, பாக்கியம் மூக்கருகே புறங்கையை வைத்தாள். இருக்கிறதா, இல்லையா என்கிற மாதிரி ஒரு மூச்சு. அன்னக்கிளி ஒரு கையில் போனில் 108-க்கு வழி சொல்லிக்கொண்டே மறு கையில் சிமெண்ட் பையால் விசிறினாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூட்டத்தை விலக்கி, "மூச்சு விடுங்க மேஸ்திரி, விடுங்கய்யா" என்று பாக்கியம் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் அவர் இருமினார். மறுபடி இருமினார். கண்ணைத் திறந்தார். எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"செருப்பு எங்க?" என்றார்.

செம்மல் அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். மற்ற எல்லோரும் சிரித்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தபோது இந்தச் சிரிப்பைப் பார்த்து, அடிபட்டவர் எங்கே என்று கேட்டார்கள்.

பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். மதாம் முதல் நாளே ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். "ஆள் போட்டுப் பிரிப்பியாக்கும்னு நினைச்சேன், நீயே குதிப்பியா? மோன் தியே, என் தெய்வமே! பாலை எப்ப வேணாலும் காய்ச்சிக்கலாம் கலியமூர்த்தி" என்றார். பாரீஸிலிருந்து வந்த மகன் பால் காய்ச்சாத வீட்டில் ஒரு வாரம் குழாய்த் தண்ணீரில் குளித்தான், ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஃபேனை இரண்டு நாள் ஓடவிட்டு, கக்கத்தில் கயிறு கட்டி, மேலே செம்மலும் பாக்கியமும் பிடித்துக்கொள்ள, இராமதாஸ் இறங்கி மீதிப் பலகையைப் பிரித்தார். மேஸ்திரி பிரித்திருந்தது இரண்டே பலகை. மூன்றாவதில் சுத்தியல் அப்படியே கிடந்தது.

அடுத்த திங்கட்கிழமை கலியமூர்த்தி வேறொரு வீட்டு வேலைக்கு வந்தார். ஆள் கொஞ்சம் வற்றிப்போயிருந்தார். பாக்கியம் சும்மா விடவில்லை. இத்தனை நாளாக வாய்க்குள் வைத்திருந்ததை எல்லோர் முன்னாலும் கொட்டினாள்.

"ஏன் மேஸ்திரி, உங்களுக்கு அறிவு இருக்குதா? உங்க பொண்டாட்டிக்கு நாங்க என்னா பதில் சொல்றது? இறங்கணும்னா எங்களைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"நீ விட மாட்டியே" என்றார் மேஸ்திரி.

"விட மாட்டேன்தான். அப்ப கயிறு மட்டும் எதுக்குக் கட்டுனீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். காலால் மணலைக் கிளறினார்.

"நீ சொல்லிட்டே இருந்தியா... சிரிச்சாலும் காதுல விழுந்துட்டுத்தான் இருந்துச்சு. செருப்பை அவுத்ததும் கை தானா கயித்துக்குப் போயிடுச்சு. வந்து பிடிங்கடான்னு உங்களைக் கூப்பிடத்தான் வெக்கமா இருந்துச்சு. அதான் கம்பியில கட்டுனேன்."

பாக்கியத்துக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்க மேல மட்டும் தப்பில்ல மேஸ்திரி. நானும் உங்களை எண்ணாம விட்டுட்டேன். ஒரு அடி தாண்டிட்டேன், தெரியுமா? உங்க செருப்பைப் பார்த்தும் தாண்டிட்டேன்" என்றாள். மேஸ்திரி குனிந்து செருப்பின் பக்கிளைக் கழற்றினார். அன்று மாடிக் கைப்பிடிச் சுவரைப் பார்க்க அவர் ஏற வேண்டியிருந்தது. தோல் செருப்பை ஏணிக்குக் கீழே, இராமதாஸின் கறுப்பும் காபிக்கலருமான செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஷூவை மாட்டி, முடி கலைந்தாலும் பரவாயில்லை என்று ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டார்.

"டோக்கன்?" என்று கையை நீட்டினார்.

"ஏறுங்க ஏறுங்க, வேலையைப் பாருங்க" என்றாள் பாக்கியம்.

அன்று சாயங்காலம் பிள்ளைச்சாவடியில் தெய்வசிகாமணி வலையை மடித்துக்கொண்டே வழக்கம்போலக் கேட்டார், "எத்தனை போச்சு, எத்தனை வந்துச்சு?"

"பன்னெண்டு போச்சு" என்றாள் பாக்கியம், அடுப்பைப் பற்றவைத்தபடி. "பன்னெண்டும் வந்துச்சு."

அவர் வலையை வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து, இரண்டு தட்டையும் எடுத்துப் போட்டார்.